மேருடைய முழங்கை

அக்டோபர் 27, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. கடை வாசலில் கணுக்கால் தண்ணீர். தார்ப்பாய் நாலு, டார்ச் லைட் ஒன்று விற்றது. ஆணி, கீல், மண்வெட்டி எதையும் ஒருத்தனும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

நாயோடு நேற்று சாயங்காலம் மெட்ராசிலிருந்து வந்து சேர்ந்தேன். காய்கறி வேனில், காலிக் கூடைகளுக்கு நடுவில் நானும் அதுவும். வழி முழுக்க அழுதது. திண்டிவனத்துக்கு அப்புறம் எனக்கும் அழுகை வந்தது, முதுகு வலியால்.

இது என் நாய் இல்லை. முதலிலேயே எழுதிவைக்கிறேன். குருவிநத்தம் கோவிந்தசாமியின் (இனி கோ.) நாய். பேர் மேரு. பிரெஞ்சுக்காரன் காலத்தில் ஊருக்குப் பெரிய மனுஷனை மேர் என்பார்கள். அவன் போனான், பதவி போனது, பேரை மட்டும் கோ. தன் நாய்க்கு வைத்துவிட்டான். அவன் குசும்பு அப்படி.

இந்த மாசம் நடுவில், கிருமாம்பாக்கம் ரோட்டில் மணல் லாரி. கோ. சைக்கிளில், நாய் பக்கத்தில் ஓடி வந்திருக்கிறது. ஒரே இடி. அவனுக்குத் தொடை எலும்பு, இதற்கு முன்னங்கால். அவன் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவன் பெண்சாதி செல்லம்மா கூடவே. வீடு பூட்டு. பிள்ளை குட்டி கிடையாது. மூணாங்கிளாசிலிருந்து எனக்குச் சிநேகிதன். வேறு யார் தலையில் விழும்?

"என் காலு போனா போவுது. அது கால பாத்துக்கடா காதரு" என்றான் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு. அதற்காகத்தான் மெட்ராஸ், ஆபரேஷன், எல்லா எழவும்.

மெட்ராஸ் டாக்டர் சொன்னது, மறக்காமல் இருக்க:
ஆறு வாரம் ஓட்டம், குதி கூடாது.
கட்டு நனையக்கூடாது. (ஐப்பசியில்!)
தினம் மூணு வேளை கட்டை அவிழ்த்து, காலை மெல்ல மடக்கி நீட்டவேண்டும். விட்டால் மூட்டு இறுகிக் கட்டையாகிவிடும்.
கை வைத்துப் பார்க்கவேண்டும். சூடு, வீக்கம் இருந்தால் உடனே டாக்டர்.

நான் முட்டி முட்டி என்று சொல்ல, அவர் சிரித்தார். அது முழங்கையாம். உள்ளே கம்பியும் ஸ்குருவும் வைத்திருக்கிறார்கள். நாய்க்கு முழங்கை உண்டு என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

அக்டோபர் 28, வெள்ளி

மழை விட்டுவிட்டு. கடைக்குப் பின்னால் கிடங்கில் இடம் ஒழித்தேன். கோழிவலைச் சுருளைப் பிரித்து வட்டமாக நிறுத்தி உள்ளே வைக்கோல். கூரையில் ரெண்டு இடம் ஒழுகல். நானே தார்ப்பாய் விற்கிறவன், என் கூரைக்குத் தார்ப்பாய் இல்லை. ஒன்றை எடுத்துப் போட்டேன்.

தையலை நக்குகிறது. ஒரு பிளாஸ்டிக் வாளியின் அடியை அறுத்துக் கழுத்தில் மாட்டிவிட்டேன். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சிரிப்பு. "பாய், மேருக்குத் தொப்பி வெச்சிட்டீங்களா?" வாங்க வந்தது நாலு ஆணி, அதற்கு இத்தனை பேச்சு.

என் பெண்சாதி மைமூன் கிடங்குப் பக்கமே வரவில்லை. சமையல்கட்டிலிருந்தே குரல்.

"வூட்டுக்குள்ள கால வெக்கிறதுக்கு முன்ன கழுவணும். நாய் எச்சி பட்டா ஏழு தடவ, அதுல ஒரு தடவ மண்ணு போட்டு. தெரியுமில்ல?"

தெரியும். என் வாப்பா சொல்லிக் கொடுத்தது. காய்ந்த மயிர் பட்டால் பரவாயில்லை, ஈரம் பட்டால்தான். இந்த மழையில் ஈரம் இல்லாதது எது? நாய் ஈரம், வைக்கோல் ஈரம், நான் ஈரம்.

ஜும்ஆ தொழுகைக்குக் கடைசி வரிசையில் போய்ச் சேர்ந்தேன்.

அக்டோபர் 29, சனி

காலையில் முதல் தடவையாகக் காலை மடக்கினேன். யா அல்லா. அது போட்ட சத்தத்துக்குத் தெருவே திரும்பிப் பார்த்தது. கடித்துவிட்டது. ஆழமாக இல்லை, பல் பதிந்தது. வாளி இருந்ததால் தப்பித்தேன்.

கழுவினேன். ஏழு தடவை. மத்தியானம் மறுபடி மடக்கல், மறுபடி ஏழு. சாயங்காலம் மறுபடி. கிணற்றடியில் தண்ணீர் இறைத்தே தோள் போய்விட்டது.

மைமூன்தான் வழி சொன்னாள். ஆணி போட்டுத் தரும் பாலிதீன் பையைக் கையில் மாட்டி மணிக்கட்டில் ரப்பர் பேண்டு. வேலை முடிந்ததும் உருவிப் போட்டுவிடலாம். நல்ல யோசனை. என் பெண்சாதிக்கு மூளை இருக்கிறது, நாக்குதான் கொஞ்சம் நீளம்.

அக்டோபர் 30, ஞாயிறு

புதுச்சேரி போனேன். பஸ்ஸில் ஒழுகல்.

கோ.வைப் பார்க்கச் சகிக்கவில்லை. காலில் கயிறு கட்டி, கட்டில் கால்மாட்டில் கப்பி வைத்து, எடை தொங்குகிறது. கப்பி நம் கடையில் கிணற்றுக்கு விற்கிற மாதிரியே. அதைச் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் முகம்.

செல்லம்மா வெளியே கூட்டிப்போய்ச் சொன்னாள். "சோறு எறங்கல அண்ணே. நர்சம்மா வந்து அந்தக் கால அசைங்க, வெரல அசைங்கன்னா, செவுத்தையே பாத்துனு கெடக்குறாரு. இன்னாத்துக்கு அசைக்கணும்னு கேக்குறாரு. நான் இன்னா பண்ணட்டும்?"

உள்ளே வந்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"மேரு நடக்கிறானா?"

"நடப்பான்."

"நடக்கிறானான்னு கேட்டேன்."

"நேத்துதாண்டா கட்ட அவுத்தது. அவசரப்படாத."

"அது நொண்டியாப் போனா எங்கிட்ட மறைக்காத. எனக்கும் ஒரு முடிவு பண்ணிக்கலாம்."

என்ன முடிவு என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். இந்த மனுஷன் எழுந்திருப்பதும் அந்த நாய் எழுந்திருப்பதும் ஒன்றாகப் போய்விட்டது. அதை என் கிடங்கில் போட்டு வைத்திருக்கிறேன்.

நவம்பர் 1, செவ்வாய்

வெயில் தலை காட்டியது. வைக்கோலை மாற்றினேன். மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து தையல் பிரித்தார். காயம் சுத்தம் என்றார். பரவாயில்லை.

பாகூர் ஏரி நிரம்பி வழிவதாகக் கடையில் பேச்சு. மண்வெட்டி ஒன்பது போனது.

ஒருவர் கயிறு வாங்க வந்தவர், "எலும்பு கட்டுறவர்ட்ட தூக்கினு போங்க பாய். முட்டையும் உளுந்தும் வெச்சிப் பத்துப் போட்டு, மூங்கில் பத்தை வெச்சி இறுக்கிக் கட்டினா ஒரு மண்டலம் அசையாது" என்றார். அசையாது! அசையவேண்டும் என்றுதானய்யா நான் இங்கே உயிரை விடுகிறேன். கயிற்றைக் கொடுத்து அனுப்பினேன்.

நவம்பர் 4, வெள்ளி

தீபாவளி. வெளிச்சம் வருவதற்கு முன்பே வெடி. நான் பஜ்ர் தொழுகைக்குக் கிளம்பும்போது கிடங்கில் தடதடவென்று சத்தம். ஓடிப் பார்த்தால் வலை சாய்ந்து கிடக்கிறது, நாய் இல்லை.

வாளியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் ஓடுகிறது. மூன்று காலில். பின்னாலேயே நான், கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. ஒரு சரவெடி. அது குறுக்கே பாய்ந்து சாக்கடையில் விழுந்தது. அடிபட்ட கால் அடியில் மாட்டிக்கொண்டது. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

சேற்றோடு தூக்கிக்கொண்டு வந்தேன். மைமூன் வாசலிலேயே நின்றாள். "தொழுகைக்குப் போற சட்டை!" என்றாள். நான் ஏதோ கத்தினேன். நல்ல நாள் பொழுதில் கத்தியிருக்கக்கூடாது.

பையை மாட்டிக் காயத்தைக் கழுவிப் புதுக் கட்டுப் போட்டேன். வெளியே தெரிகிற அளவு ஒன்றும் மோசமில்லை. தையல் போட்ட இடம் ஓரத்தில் கொஞ்சம் விட்டிருந்தது, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு அதிரசம், முறுக்கு வந்தது. நான் தொடவில்லை.

நவம்பர் 6, ஞாயிறு

மழை, காற்று. புதுச்சேரி போகவில்லை. போய் என்ன சொல்வது?

மடக்கும்போது முன்னைவிடக் கத்துகிறது. மூன்று வேளையை ரெண்டாக்கினேன்.

நவம்பர் 8, செவ்வாய்

சோறு தொடவில்லை. கறிக்கடையில் எலும்பு வாங்கி வேகவைத்துப் போட்டேன். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அங்கே அவன் சுவரைப் பார்க்கிறான், இங்கே இது சுவரைப் பார்க்கிறது. ரெண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களா?

காலைத் தொட்டேன். தொட்டுப் பார்த்தேன், எழுதுகிறேன், தொட்டுத்தான் பார்த்தேன். சூடு தெரியவில்லை.

நவம்பர் 9, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதியே ஆகவேண்டும்.

காலையில் நாய் தலை தூக்கவில்லை. மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் கன்று ஈனும் மாடு ஒன்றைக் கவனித்துவிட்டு மழையில் நனைந்துகொண்டே வந்தார். குனிந்து வெறுங்கையை முழங்கையில் வைத்தார். உடனே எடுத்துவிட்டார்.

"பாய், அடுப்பு மாதிரி கொதிக்குது. உள்ள சீழ் கட்டியிருக்கு. ரெண்டு மூணு நாளாவே சுட்டிருக்குமே. தொட்டுப் பாக்கலியா?"

"பாத்தேன் சார். தெனம் பாக்கிறேன்."

"எப்படிப் பாத்தீங்க?"

கூரை ஓரம் காயப்போட்டிருந்த பைகளைக் காட்டினேன். ரெண்டு பை, ரெண்டு ரப்பர் பேண்டு.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பைகளைப் பார்த்தார், என் தொப்பியைப் பார்த்தார், பெட்டியைத் திறந்தார். "பிடிங்க" என்றார். வெறுங்கையால் பிடித்தேன். உள்ளங்கை சுட்டது. பாலிதீன் வழியாக இது எப்படித் தெரியாமல் போனது? கடவுளே, இந்தச் சூடு எப்படித் தெரியாமல் போனது?

ஊசியால் குத்தி எடுத்தார். பென்சிலின் போட்டார். தினம் வருவாராம். சொன்னது இது. சீழ் வடிந்தால் கால் பிழைக்கும். வடியாவிட்டால் ஸ்குருவைப் பிடுங்கவேண்டும், பிடுங்கினால் அந்தக் கால் கால் இல்லை. ரத்தத்தில் ஏறினால் நாயே இல்லை. ஒரு ஊசியில் முடித்துவிடலாம், வலிக்காது என்று மெல்லச் சொன்னார். "யோசிச்சி வைங்க."

சுத்தமாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன். அதுவே இப்படி வந்து முடிந்தது. மைமூனிடம் சொல்லவில்லை. யோசனை அவளுடையது. அவளைக் குத்திக்காட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

பைகளை அடுப்பில் போட்டேன்.

நவம்பர் 11, வெள்ளி

காய்ச்சல் இறங்கவில்லை. மணிக்கொரு தடவை வெந்நீர் ஒத்தடம். அழுத்தி எடுத்தால் மஞ்சளாக வருகிறது. நாற்றம். ஒவ்வொரு தொழுகைக்கும் ஏழு கழுவல். கிணற்றடி மண்ணில் ஒரு குழியே விழுந்துவிட்டது. விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. சோற்றில் கை வைத்தால் உப்பு எரிகிறது.

ஜும்ஆவில் எனக்கு இந்தப் பக்கம் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பக்கமும். மருந்து நாற்றமாக இருக்கலாம். ஆனாலும் பிறந்ததிலிருந்து தொழுகிற பள்ளிவாசல், நெஞ்சில் குத்தாமல் இருக்குமா? வெளியே வந்ததும் தொழவைக்கிற அஜரத்திடம் நேராகவே கேட்டேன், நான் வரலாமா கூடாதா என்று.

"கழுவுனீங்களா?"

"ஏழு தடவ."

"அப்புறம் இன்னா கேள்வி காதர் பாய்? கழுவத்தானே சட்டம். சாவ வுடச் சொல்லியா சட்டம்?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சத்தமாகவே சொன்னார், பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

நவம்பர் 13, ஞாயிறு

தென்பெண்ணையில் வெள்ளம். பஸ் உண்டா இல்லையா என்று கிருமாம்பாக்கத்தில் ரொம்ப நேரம் நின்றேன். கடைசியில் ஒரு லாரி.

கோ. பாதியாகிவிட்டான். தாடி. எடையைக் கழற்றிவிட்டார்கள். மாவுக்கட்டுப் போட்டு, கட்டை ஊன்றி எழுந்து நிற்கச் சொல்கிறார்களாம். நின்று பழகாவிட்டால் இடுப்பே இறுகிவிடும் என்கிறார்கள். மாட்டேன் என்கிறான். என்னைப் பார்த்ததும் கண்ணாலேயே கேட்டான்.

பொய் சொன்னேன்.

"நிக்கிறாண்டா. மூணு காலுல நிக்கிறான். நாலாவத மெல்ல ஊணிப் பாக்கிறான். இன்னும் கொஞ்ச நாள்ல நடந்துடுவான்."

"மெய்யாவா?"

"பின்ன? பொய்யா சொல்றேன்? அவன் ஒரு நாயி, அவன் நிக்கிறான். நீ மனுஷன், படுத்துனு கெடக்குற. வெக்கமா இல்ல?"

 அப்புறம் செல்லம்மாவிடம், "அந்தக் கட்டைய எடு" என்றான். நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம். எழுந்தான். வியர்த்துக் கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு பத்து எண்ணுகிற நேரம் நின்றான். செல்லம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

 கிடங்கில் கிடக்கிற நாய் இன்று சாயங்காலம் உயிரோடு இருக்குமா என்றே தெரியாது. அதன் பேரில் இவன் எழுந்து நிற்கிறான். செத்துப்போனால் எந்த முகத்தோடு வருவேன்?

நவம்பர் 15, செவ்வாய்

கூப்பிட்டால் வால் கூட அசையவில்லை. டாக்டர், "நாளைக்கும் இப்படியே இருந்தா முடிவு பண்ணிடுவோம் பாய்" என்றார்.

நான் என்ன முடிவு பண்ணுவது? யார் நாய் இது? யார் கால் இது? கல்லாவில் உட்கார்ந்தேன், வந்தவன் கீல் கேட்டால் தாழ்ப்பாள் எடுத்துக் கொடுத்தேன்.

நவம்பர் 16, புதன்

டாக்டர் வந்தார். ஊசி மருந்தை எடுத்தேவிட்டார். நான் இன்னொரு நாள் கேட்டேன். பிச்சை கேட்கிற மாதிரி கேட்டேன். "அது வலி படுது பாய், உங்களுக்காகத்தான் உயிரோட வெச்சிருக்கோம்" என்றார். தெரியும். தெரிந்தேதான் கேட்டேன். சரி, கீறி வழி பண்ணிப் பார்க்கலாம், நாளை மத்தியானம், தலையைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும் என்றார்.

ரெண்டு பேரைக் கேட்டேன். கடி வாங்க யாரும் தயாராக இல்லை.

நவம்பர் 17, வியாழன்

மத்தியானம். மழை கொட்டுகிறது. டாக்டர் கத்தியைக் கொதிக்கவைத்துவிட்டு, "ஆளு எங்க?" என்றார். ஆள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

மைமூன் உள்ளே வந்தாள். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தாள். இத்தனை நாளில் கிடங்குக்குள் கால் வைத்தது இதுதான் முதல் தடவை. நாயை ஒரு பார்வை பார்த்தாள். வைக்கோலில் உட்கார்ந்து, வாளியைக் கழற்றி ஓரமாக வைத்து, அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"மைமூன், நீ வேணாம்."

"சும்மா இருங்க. நீங்க கால புடிங்க."

கீறினார். நாய் உடம்பு வில்லாக வளைந்தது. அவள் விடவில்லை. "இல்லடா, இல்லடா, ஆச்சுடா" என்று அதன் காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தாள். எங்கள் பிள்ளைகளுக்கு அம்மை போட்டபோது இந்தக் குரலைக் கேட்டேன், அப்புறம் இன்றுதான். நிறைய வந்தது. டாக்டர் திரி வைத்துக் கட்டினார். நாய் அவள் மணிக்கட்டை நக்கியது.

"ஏங்க, அழுவுது பாருங்க இது" என்றாள். அழுதது அவள்.

கொஞ்ச நேரம் கழித்து, "போங்க, மண்ணு எடுத்தாங்க. ரெண்டு பேருக்குமா எடுத்தாங்க" என்றாள். கிணற்றடியில் ஆளுக்கு ஏழு தடவை. நான் ஊற்ற அவள், அவள் ஊற்ற நான். அப்போதுதான் என் கையைப் பார்த்தாள். தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து தடவினாள். 

நவம்பர் 19, சனி

காய்ச்சல் இறங்கியது! கஞ்சி குடித்தது. அரைச் சட்டி. கருவாடு போட்டால் முழுச் சட்டி.

ஊரெல்லாம் கார்த்திகை விளக்கு. மழை விட்டிருக்கிறது. யா அல்லா, உனக்கு ஆயிரம் நன்றி.

நவம்பர் 22, செவ்வாய்

நன்றி சொன்னது சீக்கிரம். கால் பிழைத்தது, மூட்டு இறுகிவிட்டது. மடங்கவில்லை. காய்ச்சலில் கிடந்த நாளெல்லாம் மடக்கவே இல்லையே. கடையில் இருக்கும் மூலமட்டத்தை வைத்துப் பார்த்தேன், தச்சர்கள் பலகைக்கு வைத்துப் பார்ப்பார்களே அது. அதன் செங்கோண மூலை அளவுக்குக் கூட மடங்கவில்லை. அதற்கும் உள்ளே மடங்கவேண்டும், இல்லையென்றால் கால் தரையில் இழுபடும் என்கிறார் டாக்டர்.

இனி தினம் ஐந்து வேளை. ஒவ்வொரு பாங்குக்கும் முன்னால். முடித்து, கழுவி, தொழுகை. கணக்கு மறக்காது.

அது கத்துகிறது. மைமூன் தலையைப் பிடித்துக்கொள்கிறாள். நான் மடக்குகிறேன். "கொஞ்சம் மெல்லங்க", "மெல்ல மடக்கினா மடங்காதுடி", "உங்க கைய இப்புடி மடக்கினா தெரியும்". தினம் இந்தச் சண்டை. கடைக்கு வருகிறவர்கள் காத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நவம்பர் 26, சனி

முந்தாநாளைவிட மோசம். ஒரு நாள் மடங்கியது மறுநாள் திரும்ப இறுகிவிடுகிறது. மனசு விட்டுப்போச்சு. நாயை ஒரு அறை விட்டேன். என் மேல் கோபம், அதை அறைந்தேன். அது என்னைப் பார்த்தது, திரும்பவும் காலை நீட்டியது. மைமூன் எழுந்து உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தும் சத்தம்.

இன்று சாயங்காலம் அவள் வரவில்லை. நாய் கத்தவும் இல்லை.

டிசம்பர் 1, வியாழன்

நின்றது.

மைமூன் சட்டியை எட்ட வைத்தாள், வேண்டுமென்றே. நாலு கால். இடது முன்னங்கால் தரையில் பட்டது, எடுத்தது, திரும்பப் பட்டது. சட்டி வரைக்கும் போயிற்று. மூலமட்டத்துக்கு உள்ளே மடங்குகிறது. வெள்ளம் வடிந்துவிட்டது. கடையில் மூன்று வாளி, ஒரு கடப்பாரை. வந்தவனுக்கெல்லாம் காட்டினேன். கடப்பாரை வாங்கினவன், "சரி பாய், அதுக்கு இன்னா இப்ப?" என்றான். மடையன்.

டிசம்பர் 4, ஞாயிறு

கோ.விடம் இன்று சொன்னது நிஜம். ஆனால் அதே வார்த்தை. மூணு வாரத்துக்கு முன் சொன்னதையே சொல்கிறேன், அவனுக்கு வித்தியாசம் தெரியாது. வார்டில் கட்டையோடு நடக்கிறான். சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம்.

டிசம்பர் 11, ஞாயிறு

குருவிநத்தம். நாயை மெல்ல நடத்தி, பாதி வழி வண்டியில். கோ. கயிற்றுக் கட்டிலில். "மேரு!" என்றான். நாய் போய்க் கையை நக்கியது, காலை முகர்ந்தது, வால் ஆடியது. அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! ஏதோ ராஜ்ஜியமே திரும்பக் கிடைத்த மாதிரி.

டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன். வாசலைத் தாண்டினால் பின்னால் நாய். திருப்பி விட்டேன். மறுபடி பின்னால். கோ. கூப்பிடுகிறான், அது நின்று அவனைப் பார்க்கிறது, என்னைப் பார்க்கிறது, என் பின்னால் வருகிறது. கடைசியில் செல்லம்மா கட்டிப்போட்டாள். அது ஊளையிட்டது ரோடு வரைக்கும் கேட்டது.

நான் அவன் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

டிசம்பர் 12, திங்கள்

கடையைத் திறந்தால் வாசலில். கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்திருக்கிறது. முழங்கை வீங்கியிருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், சூடு இல்லை.

கொண்டுபோய் விட்டேன். கோ. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதுக்கு யாரு சோறு போட்டாங்களோ அவுங்க வூடுதான் அதுக்கு வூடு. வுடு" என்றான். செல்லம்மா என்னைத் தனியே கூப்பிட்டாள். நேற்று நாய் என் பின்னால் வந்ததிலிருந்து கட்டையைத் தொடவில்லையாம். "ஆஸ்பத்திரியில நடந்தாரு அண்ணே. நாய்க்காக நடந்தாரு. இப்ப மறுபடியும் படுத்துக்கினாரு."

நான் காப்பாற்றினது இதற்குத்தானா? நாயின் காலைக் கொடுத்து நாயை எடுத்துக்கொண்டேனா? எனக்கு எதுக்கு இந்த நாய்? நான் கேட்டேனா?

டிசம்பர் 14, புதன்

திரும்ப வந்துவிட்டது. கம்பெடுத்துத் துரத்தினேன். "போ! உங்க வூட்டுக்குப் போ!" தெருவே வேடிக்கை. மைமூன் வந்து கம்பைப் பிடுங்கினாள். "கால ஒடிச்சிட்டு மறுபடி மெட்ராஸ் போவப் போறீங்களா?"

கோ.வுக்கு ஆள் அனுப்பினேன். நாய் இங்கே இருக்கிறது, நான் கொண்டுவர மாட்டேன், வேண்டுமென்றால் நீயே வந்து கூட்டிக்கொண்டு போ என்று. கடுமையாகத்தான் சொல்லி அனுப்பினேன்.  படுத்துக்கிடக்கிறவனிடம் சொல்லுகிற பேச்சா?

டிசம்பர் 16, வெள்ளி

மழை இல்லை. நல்ல வெயில். பத்து மணி இருக்கும். கரும்பு வண்டி ஒன்று கடை முன்னால் நின்றது. கரும்பு இல்லை, வைக்கோல் மேல் கோவிந்தசாமி. வண்டிக்காரன் பிடிக்க வந்ததற்கு, "தள்ளுடா" என்றான். தானே இறங்கினான். கட்டையை ஊன்றி, வாசற்படிவரை வந்தான். முகமெல்லாம் வேர்வை. வாயெல்லாம் வசவு. எழுதக் கூடாத வசவு, பாதி நாய்க்கு, பாதி எனக்கு.

"எம்மாந் திமிருடா உனக்கு? கொண்டாற மாட்டியா? என்ன இறங்கி வர வெக்கிறியா?"

"வந்துட்ட இல்ல" என்றேன்.

நாய் எழுந்து வந்தது. அவன் குனிய முடியாது. நான் அதன் காலைப் பிடித்து மடக்கிக் காட்டினேன், நீட்டிக் காட்டினேன். எப்படிச் செய்யவேண்டும், எந்த இடத்தில் நிறுத்தவேண்டும், எல்லாம். அவன் காலைப் பார்க்கவில்லை.

"இன்னாடா கையி இது?"

மறைத்துக்கொண்டேன். மைமூன் உள்ளேயிருந்து, "ஒவ்வொரு தடவையும் ஏழு வாட்டி கழுவுனா வேற எப்டி இருக்கும்ண்ணே?" என்றாள்.

கட்டையைக் கல்லாவில் சாய்த்துவிட்டு என் கையைப் பிடித்தான். வெடிப்பை விரலால் தடவினான். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான், நீட்டினான். பழைய வசவுக்காரனைக் காணோம். வண்டிக்காரன் இருக்கிறான், ஆணி வாங்க வந்தவர் இருக்கிறார், அவன்பாட்டுக்கு நிற்கிறான். கட்டை இல்லாமல் நிற்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"இனிமே நானே மடக்கிக்கிறேன்" என்றான்.

மைமூன் வந்து நாயின் தலையைத் தொட்டாள். வெயிலில் காய்ந்த தலை. "போடா" என்றாள். வண்டியில் நானே தூக்கி ஏற்றினேன். அவன் மடியில் தலை வைத்தது. வண்டி திரும்பும்போது நான் உள்ளே வந்து ஆணிப் பெட்டிகளை அடுக்கினேன். ஜும்ஆவுக்கு நேரத்தோடு போனேன். முதல் வரிசை.

டிசம்பர் 17, சனி

பனி. கடை வழக்கத்தைவிடச் சீக்கிரம் திறந்தேன். வாசலில் ஒன்றும் இல்லை.

குருவிநத்தத்துக்காரர் ஒருவர் கடப்பாரை வாங்க வந்தார். கோ. விடியும்போதே கட்டையோடு வரப்புவரை போய்வந்தானாம், நாயும் கூடவே.

மைமூன் டீ கொண்டுவந்தாள். வாசலை எட்டிப் பார்த்தாள்.

"வரலியா?"

"வரல."

"கட்டிப் போட்டிருப்பாங்க."

"கட்டலியாம்."

டீயை வைத்துவிட்டு நின்றாள். அப்புறம், "கருவாடு வாங்கியாந்துட்டேனே" என்றாள்.